தொட்டிக் கோயில்

குளியலறைக்கு மலிவாக ஒரு கதவு தேடி, போன வாரம் ராஜபாளையத்தில் பழைய மரம் விற்கும் கடைக்குப் போயிருந்தேன். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த ஜன்னல் சட்டம் ஒன்றின் அரைவட்டத் தலையைக் கண்டதும் கால் நின்றுவிட்டது. இடுக்கில் இன்னும் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தேன். கடைக்காரப் பாய் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “அசல் தேக்கும்மா. சுந்தரபாண்டியம் பக்கம் ஒரு சர்ச் கட்டடத்தைப் பிரிச்சப்ப வந்தது” என்றார். எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. கதவும் வாங்காமல் திரும்பிவிட்டேன்.

எங்கள் கோயில் வாசல் பலகையில் பாப்டிஸ்ட் சபை என்று எழுதியிருந்தாலும் ஊருக்குள் அதற்குத் தொட்டிக் கோயில் என்றுதான் பேர். நீங்கள் பார்த்திருந்தால் இதுவா சர்ச் என்று கேட்டிருப்பீர்கள். கோபுரம் கிடையாது, மாதா சுரூபம் கிடையாது, மணிக்குப் பதில் வேப்பமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டு. இரண்டடி கனத்தில் கருங்கல் சுவர், ஓட்டுக் கூரை, பக்கத்துக்கு மூன்று அரைவட்டத் தலை ஜன்னல். பிரசங்க பீடத்துக்கு முன்னால் தரையில் பதித்த பலகைகளைத் தூக்கினால் கீழே ஞானஸ்நானத் தொட்டி, இறங்க ஐந்து படி. குழந்தையின் தலையில் தண்ணீர் தெளிப்பதெல்லாம் எங்களிடம் செல்லாது. விவரம் தெரிந்த வயதில், தானே விரும்பி, முழுசாக முங்கி எழ வேண்டும்.

நான் முங்கியது பதினேழு வயதில். மூக்கைப் பிடித்துக்கொள்ளச் சொன்னதை மறந்து, பரலோகத்தை நினைத்து வாயைத் திறந்துவிட்டேன். பாவம் வெளியே போனதோ என்னவோ, ஒரு செம்புத் தண்ணீர் உள்ளே போனது. இருமிக்கொண்டே படியேறியவளைப் போர்வையால் சுற்றிப் பிடித்தது ஜெபமணி அக்கா. “ஏட்டி, தொட்டியையே குடிச்சிட்டியே” என்று காதுக்குள் சொன்னாள். நானும் அவளும் பேண்டேஜ் துணி மடிக்கும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தோம். காலையில் சேர்ந்து பஸ் ஏறுவோம், மத்தியானம் ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிடுவோம்.

அந்தக் கோயில் கோபத்தில் கட்டியது. எங்கள் தாத்தாமார் அதற்கு முன் போய்க்கொண்டிருந்த சபையில் அவர்களுக்குப் பின்பக்கம் தனிப் பாய். ஒரு ஞாயிறு முன்னால் உட்கார்ந்துவிட்ட ஒருவரைக் கையைப் பிடித்து எழுப்பினார்களாம். அன்றைக்கு அவரோடு எழுந்து வந்தவர்கள்தான் மலையடிவாரத்திலிருந்து வண்டியில் கல் கொண்டுவந்தார்கள். பகலில் கூலிக்குப் போய், சாயங்காலம் சுவர் எழுப்பினார்கள். முன்வரிசை பின்வரிசை கூடாது என்று தீர்மானம் போட்டு, தொட்டியைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்தார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் அப்பாவின் குரல் கம்மும். அதே அப்பாதான் அதற்குப் பூட்டுப் போட்டார்.

பழைய பாஸ்டரே இருக்கட்டும் என்று அப்பாவும் சில குடும்பங்களும் சொன்னார்கள். புதியவரைக் கூட்டிவர வேண்டும் என்றார்கள் மற்றவர்கள். கூட்டத்தில் வாய் முற்றி, ஜெபமணி அக்காவின் புருஷன் அப்பாவின் சட்டையைப் பிடித்துவிட்டார். பொத்தான் தெறித்துப் பலகை மேல் உருண்டது. அப்பா சபை மூப்பர், சாவி அவரிடம். மறுநாள் கோயிலைப் பூட்டினார். விஷயம் கோர்ட்டுக்குப் போனது.

அடுத்த கோடையில் ஜெபமணி அக்கா புருஷனுக்கு மஞ்சள் காமாலை. பத்தே நாளில் போய்விட்டார். எங்களில் யார் செத்தாலும் பெட்டியைத் தொட்டிப் பலகை மேல் வைத்துப் பாடிவிட்டுத்தான் எடுப்போம். முங்கி எழுந்த இடத்தில் கடைசியாக ஒரு முறை. உச்சி வெயிலில் ஜெபமணி அக்கா செருப்பில்லாமல் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றாள்.

“மாமா, செத்த நேரம் தொறந்து விடுங்க. ஒரே ஒரு பாட்டு. பாடிட்டு எடுத்துட்டுப் போயிருதோம்.”

அப்பா நாற்காலியை விட்டு எழவில்லை. “கேஸ் நடக்குது. இன்னைக்குத் தொறந்தா நாளைக்கு அந்தப் பாஸ்டர் உள்ள வந்து நிப்பாரு. முடியாது.”

“செத்தவருகிட்டயுமா மாமா கோவம்?”

“அவ பிள்ளை மொகத்துக்காவது…” என்று ஆரம்பித்த அம்மா, அப்பா பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டாள். ஜெபமணி அக்கா என்னிடம் திரும்பினாள்.

“ஏட்டி, நீயாவது சொல்லேன்.”

சாவி காலண்டருக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. எட்டி எடுத்தால் ஒரு நொடி வேலை. எனக்கு இருபத்திரண்டு வயது, சின்னப் பிள்ளை இல்லை. நான் அடுக்களைக்குள் போய், கழுவி வைத்திருந்த பானையை மறுபடியும் கழுவினேன்.

கோயில் வாசற்படியில், காய்ந்த கல்லின் மேல், பெட்டியை வைத்துப் பாடினார்கள். மூன்று வீடு தள்ளி எங்களுக்கு எல்லாம் கேட்டது. அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தேன். அப்பா தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் உதடுகள் அந்தப் பாட்டோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்தன. ஆனால் எழுந்திருக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து ஜெபமணி அக்கா வேலைக்கு வந்தாள். சண்டையெல்லாம் இல்லை. “அந்தக் கத்திரிய எடு”, “இந்தக் கட்டு குறையுது, பாரு.” அவ்வளவுதான் பேச்சு. தூக்குச்சட்டி தனியாகிவிட்டது.

கேஸ் இழுத்துக்கொண்டே போனது. இரண்டு பாஸ்டர்களும் வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். பூட்டிக் கிடந்த கோயிலில் ஓடுகள் சரிந்தன. ஓர் ஐப்பசி மழையில் கூரை உள்ளே விழுந்தது. அப்பா இறந்தபோது வீட்டு முன்னாலேயே வைத்துப் பாடினோம். பாட வந்தவர்கள் பதினோரு பேர். மகனோடு செட்டியார்பட்டிக்குக் குடிபோயிருந்த ஜெபமணி அக்காவும் வந்திருந்தாள். கடைசி வரை நின்று பாடினாள்.

அவளைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். “அக்கா, அன்னைக்குச் சாவி எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும்” என்றேன்.

“எனக்கும் தெரியும்ட்டி” என்றாள். “நீ அந்தக் காலண்டரையே பாத்துக்கிட்டு நின்ன. எனக்கு எட்டி எடுக்கத் தெரியாதா? நீ எடுத்துத் தருவன்னு நெனச்சேன்.”

பஸ் வந்தது. ஏறிவிட்டாள். அடுத்த வருஷம் அவளும் போய்ச் சேர்ந்தாள்.

கேஸ் போட்டவர்களில் மிஞ்சியவர்கள் கடைசியில் ராசியாகி, கல்லையும் மரத்தையும் பிரித்து விற்றார்கள். தொட்டியை மண் போட்டு மூடியாயிற்று. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வது பஸ் ஸ்டாப்பில்தான். சிலர் ராஜபாளையம் போகிறோம், சிலர் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆளுக்கொரு சபை. கையில் பைபிளோடு பக்கத்தில் பக்கத்தில் நிற்போம். உடம்பு எப்படி இருக்கு, மழை உண்டுமா என்று பேசிக்கொள்வோம். பஸ் வந்ததும் “வாரேன்” என்று சொல்லிவிட்டு, அவரவர் பஸ்ஸில் ஏறிப் போய்விடுகிறோம்.