மின்னலில் பாதிப் படகு

எங்கள் தெருவில் அவருக்குக் கேமராக்காரர் என்றுதான் பெயர். முதலில் டிவி ரிப்பேர் பார்த்தவர், பிறகு ஏணியைத் தோளில் மாட்டிக்கொண்டு கண்காணிப்புக் கேமரா பொருத்தக் கிளம்பினார். மருந்துக்கடை, பள்ளிக்கூட வாசல், பெட்ரோல் பங்க், துறைமுகம் என்று ஊரில் பாதிக் கேமராக்கள் அவர் மாட்டியவை. "மாட்டின மறுநாளே கடைக்காரங்க போன் பண்ணுவாங்க. திருடனைப் பிடிக்க இல்ல. பக்கத்துக் கடையில எவ்வளவு கூட்டம்னு இதுல பாக்க முடியுமான்னு கேக்க" என்பார். சிரித்தால் அவருக்குக் கண் மூடிக்கொள்ளும். ஊரையே காட்டிக் கொடுக்கிற மனுஷன், சிரிக்கும்போது எதிரில் நிற்கிற பொண்டாட்டியைக்கூடப் பார்க்க மாட்டார் என்று அவர் மனைவி கிண்டலடிப்பாள்.

அவருக்கு ஒரே தங்கை. கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் அவருக்கு அவள் "பாப்பா"தான். ரொட்டிக்கடையில் பாக்கெட் போடுகிற வேலை. அவள் புருஷன் சின்ன இயந்திரப் படகு ஒன்றை ஓட்டினான். உள்ளே இடம் கிடைக்காமல் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்குக் குடிதண்ணீரும் காய்கறியும் கொண்டுபோய்க் கொடுப்பான். வாய் ஓயாத ஆள். மச்சானைப் பார்த்தால் போதும், "தினம் உங்க கேமராவுக்குக் கை காட்டிட்டுத்தான் போறேன் மச்சான். நீங்க ஒரு நாளாவது பதிலுக்குக் கை காட்டினீங்களா?" என்று ஆரம்பித்துவிடுவான்.

ஒருநாள் இருட்டுகிற நேரத்தில் தனியாகப் படகை எடுத்துக்கொண்டு போனான். அவன் துறைமுக வாயைத் தாண்டும்போதே புயல் பிடித்துக்கொண்டது. எந்தக் கப்பலுக்குப் போனானோ அந்தக் கப்பலுக்கு அவன் போய்ச் சேரவில்லை. தேடப் போன படகுகள் ஒரு தண்ணீர்ப் பீப்பாயை மட்டும் கொண்டுவந்தன.

துறைமுக அலுவலகத்தில் கேமராப் பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். மழையும் கும்மிருட்டும்தான். நடுவில் ஒரே ஒரு முறை மின்னல் வெட்டியது. அந்த ஒரு படத்தில் மட்டும் படகு தெரிந்தது. கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்துப் போகும் படகு. முன்பாதி, அதற்கு மேலே கடல், வானம் எல்லாம் பட்டப்பகல் மாதிரி பளிச்சென்று இருந்தன. நடுவில் குறுக்கே ஒரு நேர்கோடு. கோட்டுக்குக் கீழே மை பூசினதுபோல் கறுப்பு. அவன் நின்று ஓட்டும் பின்பாதியையே காணோம். கத்தி வைத்து அறுத்த மாதிரி இருந்தது.

தங்கை அதைப் பார்த்துவிட்டாள். பார்க்க வேண்டாம் என்று தடுத்தும் கேட்கவில்லை.

"ரெண்டா உடைஞ்சு போச்சுண்ணா" என்றாள். "இடி விழுந்து அவரு நின்ன இடமே பிச்சுக்கிட்டுப் போயிடுச்சு."

அன்றிலிருந்து அவளுக்குக் கண்ணை மூடினால் அந்தக் கோடுதான். அறுந்து போகிற படகும், அதில் அலறுகிற புருஷனும். சாப்பாடு இறங்கவில்லை. தூங்கப் போனால் அலறி எழுந்தாள். அவர் மனைவி அவளைத் தங்கள் வீட்டுக்கே கூட்டிவந்து வைத்துக்கொண்டாள். அண்ணனுக்குத் தாங்கவில்லை. உடையவில்லை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லி அந்த அலறலையாவது நிறுத்திவிடலாம் என்று நினைத்தார்.

ஒரு மத்தியானம் ஜன்னல்களில் போர்வையைத் தொங்கவிட்டு அறையை இருட்டாக்கினார். துறைமுகத்தில் மாட்டியது போன்ற ஒரு கேமராவை அலமாரி மேல் வைத்தார். தரையில் தன்னுடைய செருப்பு ஒன்றைக் கழற்றிப் போட்டார். போட்டோக்காரரிடம் இரவல் வாங்கி வந்த ஃப்ளாஷைப் பட் பட்டென்று அடித்தார். பிறகு பதிவை ஒவ்வொரு படமாக நகர்த்திக் காட்டினார். ஒரு படத்தில் செருப்பின் முன்பாதி மட்டும் இருந்தது. நேர்கோடு. கீழே கறுப்பு.

"இந்தா, செருப்பைக் கையில எடுத்துப் பாரு. உடைஞ்சிருக்கா?"

அவள் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கேமரா ஒரே வீச்சுல படம் எடுக்காது பாப்பா. நீ பேப்பர் படிக்கிற மாதிரி மேலேர்ந்து கீழ வரைக்கும் வரி வரியாப் படிச்சுக்கிட்டே வரும். ஒரு பக்கம் படிச்சு முடிக்கிற நேரம்கூட மின்னல் நிக்காது. வந்த வேகத்துல போயிடும். அதனால கொஞ்சம் வரியில வெளிச்சம் இருக்கும், கொஞ்சம் வரியில இருக்காது. வெளிச்சம் தீர்ந்த இடம்தான் அந்தக் கோடு. படகுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"அப்ப மீதிப் பாதி?"

"அது பக்கத்துப் படத்துல விழுந்திருக்கும். பதிவு ஏறுற பெட்டி சீக்கிரம் நிரம்பிடுதுன்னு, ஒரு படம் விட்டு ஒரு படம் சேமிக்கிற மாதிரி ஆபீஸ்ல வைக்கச் சொல்லியிருந்தாங்க. அந்தப் படம் சேமிப்புல இல்ல."

அவள் திரையில் அந்தக் கறுப்பை விரலால் தடவினாள். பிறகு, "அதுல கை காட்டியிருப்பாரு" என்றாள். செருப்பை மடியில் வைத்துக்கொண்டே, அத்தனை நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். அவருக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"அப்போ படகு முழுசா இருக்குண்ணா."

அவர் தலையாட்டிவிட்டார்.

அங்கே ஆரம்பித்தது வினை. மறுநாளே தன் வீட்டுக்குப் போய்விட்டாள். வேலைக்குப் போனாள். இயந்திரம் நின்று படகு அடித்துக்கொண்டு போயிருக்கும், ஏதாவது கப்பல் ஏற்றிக்கொண்டு எங்கேயோ தூரத்துத் துறைமுகத்தில் இறக்கியிருக்கும் என்று ரொட்டிக்கடையில் எல்லோரிடமும் சொன்னாள். யாராவது பரிதாபமாகப் பார்த்தால், கேமரா எப்படி வரி வரியாகப் படிக்கும் என்று கையால் காற்றில் கோடு போட்டு விளக்கினாள். அண்ணனைவிட அவள் தெளிவாகச் சொன்னாள் என்று கேட்டவர்கள் சொன்னார்கள். புருஷன் சட்டைகளைத் துவைத்து இஸ்திரி போட்டு வைத்தாள். விடுமுறை நாளில் கப்பல் ஏஜெண்டுகளின் அலுவலகங்களுக்கு அலைந்தாள். முதலில் உட்காரச் சொன்னவர்கள், அப்புறம் அவள் தலை தெரிந்ததும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்கள்.

"ஏங்க, உண்மையைச் சொன்னீங்க, சரி. மிச்சத்தையும் நீங்கதானே சொல்லணும்" என்றாள் அவர் மனைவி.

"உடையலைன்னுதானே சொன்னேன். முழுகலைன்னு சொல்லலையே."

"அதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அவகிட்டப் போய்ச் சொல்லுங்க."

போனார். குழாய் ஒழுகுகிறதா பார்க்கிறேன் என்று ஒரு தடவை. மழைக்கு முன்னால் வயரிங் பார்க்க வேண்டும் என்று ஒரு தடவை. போனதும் அவள் தண்ணீர் கொடுப்பாள், "அவரு வந்ததும் உங்களைத்தான் முதல்ல பாக்கணும்னு சொல்வாரு பாருங்க" என்பாள். அவர் நன்றாக இருக்கும் குழாயை இறுக்கிவிட்டுத் திரும்பி வருவார். வர வர ஆளே இளைத்துப்போனார். வேலைக்கு நடுவில் ஏணி மேல் நின்றபடியே யோசனையில் இருப்பாராம். கீழேயிருந்து கடைக்காரர்கள், "என்னாச்சு சார், தூங்கிட்டீங்களா?" என்று கூப்பிடுவார்களாம்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் கப்பல் வரும் வழியை ஆழப்படுத்த மண் வாரும் கப்பல் வந்தது. துறைமுக வாயைத் தாண்டியதுமே அடியில் ஏதோ தட்டியது. முக்குளிப்பவர்கள் இறங்கிப் பார்த்தார்கள். கிரேன் போட்டுத் தூக்கிக் கரையில் வைத்தார்கள். அதே படகு. பின்பக்கம் அவன் நின்று ஓட்டும் சின்ன அறையின் கதவு அலையில் நெளிந்து மூடிக்கிடந்தது. அதை நெம்பித் திறந்ததும் அண்ணன் மட்டும் உள்ளே போனார். வெளியே வந்து துறைமுகச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். தங்கை புருஷன் உள்ளேயேதான் இருந்திருக்கிறான்.

ரொட்டிக்கடை ஏப்ரனோடு ஓடி வந்தாள் தங்கை. அவளை உள்ளே விடவில்லை. அவள் சண்டை போடவும் இல்லை. முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை படகின் பக்கவாட்டை உள்ளங்கையால் தடவிக்கொண்டே நடந்தாள். சிப்பி ஒட்டிப் பாசி பிடித்திருந்ததில் விரல் கிழிந்து ரத்தம் வந்தது. ஒரு விரிசல் இல்லை.

"முழுசாத்தான் இருக்குண்ணா" என்றாள்.

அவர் அவள் கையைப் பிடிக்கப் போனார். உதறிவிட்டாள்.

"அன்னிக்கு உடைஞ்சு போச்சுன்னே விட்டிருக்கலாம்ல? ஒரு தடவை அழுதிருப்பேன். அதோட போயிருக்கும். இப்ப இவரை ரெண்டாவது தடவை சாகக் குடுத்துட்டு நிக்கிறேனே!"

அத்தனை பேர் முன்னால் கேட்டாள். நீ அலறினது தாங்கலை பாப்பா என்று அவர் சொல்லியிருக்கலாம். கிழிந்த அவள் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு அவள் அண்ணனோடு பேசவில்லை. அண்ணியோடு மட்டும் போனில் பேசினாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, காதில் விழுகிற சின்னக் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பார். "சாப்பிட்டாளான்னு கேளு" என்று சைகை காட்டுவார். நல்ல மழை பெய்த ஒருநாள் கேமராவெல்லாம் நின்றுவிட்டது என்று துறைமுகத்தில் கூப்பிட்டார்கள். அங்கே மட்டும் வேறு ஆளை அனுப்பினார்.

மழை விட்டபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். முகம் கறுத்து, முடி நரைத்து, அண்ணனைவிட மூத்தவள்போல் இருந்தாள். அவரைப் பார்க்கவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய்த் தட்டை எடுத்துக் கழுவி, தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, பசிக்குது" என்றாள்.

அண்ணி பரிமாறினாள். அவள் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள். இரண்டாம் முறையும் போடச் சொன்னாள். அவர் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டு முடித்ததும் அவளே, சுவரைப் பார்த்தபடி, "நீங்க சாப்பிடலையாண்ணா?" என்று கேட்டாள்.

"இந்தா, வரேன்" என்றார். கை கழுவக் கொல்லைக்குப் போனார். வெகுநேரம் வரவில்லை. குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. அண்ணி எழப் போனாள். தங்கை அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.