பட்டன் தேயாத டயர்

என் மகளை முதல் பிரசவத்துக்கு அழைத்துவர, அண்ணனின் காரை இரவல் வாங்கினோம். பல வருடமாக போர்டிகோவிலேயே நின்ற வண்டி. "டயர்ல பட்டன் புதுசாட்ட இருக்குது பாரு. தைரியமாப் போயிட்டு வா, கண்ணு" என்று டயரின் தேயாத வரிப்பள்ளங்களைத் தட்டிக் காட்டி அனுப்பினார்.

பொள்ளாச்சியிலிருந்து துடியலூருக்குத் திரும்பும்போது, நல்ல வெயிலில், பின்டயர் வெடித்தது. என் கணவர் எவ்வளவோ பிடித்தும் கார் சாலைத் தடுப்பில் உரசித்தான் நின்றது. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, கொழந்தை அசையவே மாட்டேங்குதும்மா" என்றாள். ஆஸ்பத்திரியில் இதயத்துடிப்பு கேட்கும்வரை என் உயிர் என்னிடம் இல்லை.

அண்ணனுக்குப் போன் செய்தேன். "காருக்கு ரொம்ப அடியா?" என்றுதான் முதலில் கேட்டார்.

பார்க்க வந்த அண்ணிதான் போட்டு உடைத்தார். "டயர் பழசாயி விரிசல் உட்டிருக்குதுன்னு மெக்கானிக் அப்பவே சொன்னாருங்க அம்மணி. ஓடாத வண்டிக்கு எதுக்குன்னு இவருதான் உட்டுப்போட்டாரு."

ஓடாவிட்டாலும் வருடம் போனால் ரப்பர் காய்ந்துவிடுமாம். இப்போதெல்லாம் யார் காரில் ஏறினாலும் டயரின் பக்கவாட்டில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கிறேன். அங்கேயே நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். அதில் கடைசி இரண்டும் தயாரித்த வருடம். அதையும் படித்துவிடுகிறேன்.

பேத்திக்குப் பெயர் வைத்த அன்று, அண்ணன் புது டயர் போட்ட காரில் எங்களைக் கோயிலுக்கு அழைத்துப்போக வந்தார். நான் குனிந்து எண்ணைப் படித்தேன்.

"அண்ணன் மேல நம்பிக்கை இல்லியா, கண்ணு?"

"டயரைத்தானுங்கண்ணா பாக்கறேன்" என்றேன். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கவில்லை.