பூமித்தாய்க்கு ஒரு கோப்பை

ஐம்பத்து நான்கு வயதாகியும் பொன்சியானோ ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூட இடையில் எழாமல் முடித்ததில்லை. இன்றைக்கும் வேர்க்கடலை சூப்பில் கரண்டியைப் போட்டுவிட்டுத் தெருவுக்குப் பாய்ந்துவிட்டார். முனையில் திரும்பிய ஒரு மோட்டார் சைக்கிள், வேகம் குறைந்ததும் சைலன்சரில் டப் டப்பென்று வெடித்ததுதான் காரணம்.

"நில்லுய்யா! தொண்டை வறண்டு கத்துது, உனக்குக் காதே இல்லையா?"

ஓட்டி வந்தவன் யாரென்று அவருக்குத் தெரியாது. தொப்பிப் பட்டையில் செருகியிருந்த குட்டித் திருப்புளியை உருவினார். குந்தினார். கார்புரேட்டரின் பக்கத்தில் இருக்கும் காற்றுத் திருகை அரைச் சுற்று உள்ளே திருப்பினார். ஆக்சிலரேட்டரைத் தாமே முறுக்கி, விட்டு, மறுபடி முறுக்கினார். வெடிச்சத்தம் நின்றது. "போ" என்று வண்டியின் பின்புறத்தில் ஒரு தட்டு தட்டி அனுப்பிவிட்டுத் திரும்பியபோது சூப்பில் ஆடை படிந்திருந்தது.

"உன்னைக் கட்டினதுக்கு ஒரு வண்டியைக் கட்டியிருக்கலாம், அதுவாச்சும் ராத்திரி நிறுத்தின இடத்துல நிக்கும்" என்றாள் அவர் மனைவி எலுத்தேரியா.

கரனாவி என்கிற மலையடிவார ஊரில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால், தகரக் கூரைக்கு அடியில் இருக்கிறது அவர் பட்டறை. அங்கே மூன்று முக்காலிகள். மூன்றும் வந்தவர்களுக்கு. அவர் சுற்றிக்கொண்டே பேசுவார். கேட்பவர்களுக்குக் கழுத்து வலிக்கும். இடது கன்னத்தில் எப்போதும், வெற்றிலைபோல அடக்கிக்கொள்கிற ஒரு கொத்து கோக்கா இலை. போன ஈஸ்டர் பூசையில் பாதிரியார் உயிர்த்தெழுதலுக்கு வந்த நேரத்தில், வெளியே ஒரு வண்டி நின்ற இடத்திலேயே தடுமாறித் தடுமாறி ஓடியது. பொன்சியானோ நாலு பேர் காலை மிதித்துக்கொண்டு வெளியேறினார். பிரசங்கம் முடிவதற்குள் அந்த வண்டி சீராக உறுமத் தொடங்கியதைக் கோயில் முழுக்கக் கேட்டது.

ஊரில் பாதி வண்டிகள் மேலே எல் ஆல்த்தோ சந்தையில் வாங்கியவை. அங்கே காற்று மெலிசு. அதற்குத் தகுந்தாற்போல் கார்புரேட்டருக்குள் இருக்கும் ஜெட் என்கிற பித்தளைத் திருகில் பெட்ரோல் வரும் துளையும் சிறிசு. அதே வண்டி மலையிறங்கி இந்தக் காபித் தோட்ட வெக்கைக்கு வந்தால், உள்ளே போகிற காற்று கனத்துவிடுகிறது. பெட்ரோல் மட்டும் பழைய அளவு. கலவை வறள்கிறது, இன்ஜின் கொதிக்கிறது. "பெட்ரோல் கம்மின்னா சூடும் கம்மிதானே மேஸ்திரி?" என்று கேட்காத ஆள் இல்லை. எல்லோருக்கும் அவர் சொல்லும் பதில் ஒன்றுதான். "நெருப்பைப் பட்டினி போட்டுப் பாரு. பானையையே தின்னுரும்."

இந்த மனிதரைத்தான் நெமேசியா கல்லிசாயாவின் வண்டி மூன்று வாரமாகத் தூங்கவிடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

நெமேசியா பேருந்து நிலையத்தில் ஆற்றுமீன் பொரித்து விற்றவள். அடுப்பை விற்று, சந்தையில் ஒரு பழைய சிவப்பு வண்டி வாங்கினாள். மோட்டார் சைக்கிள் டாக்சி சங்கத்தில் சேர வேண்டும். சங்கத்தில் அதுவரை பெண்கள் கிடையாது; கூடாதென்று விதியும் கிடையாது. ஆளை ஏற்றிக்கொண்டு கார்மென் ஏற்றத்தை நிற்காமல் ஏறிக் காட்டினால் ஆரஞ்சு மேலங்கி, வரிசையில் இடம். எல்லோருக்கும் அதே பரீட்சைதான்.

அவள் பாதி ஏற்றத்தில் நின்றுபோனாள். சூட்டில் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. பின்னால் உட்கார்ந்திருந்த கோழி வியாபாரி, கூண்டைத் தலையில் வைத்துக்கொண்டு, இறங்கி நடந்தாள். கூண்டுக்குள் கோழிகள், கூண்டுக்குக் கீழே வசவுகள்.

"பாவாடை விசிறி விசிறியே இன்ஜின் சூடாயிருச்சு" என்றான் ஒருவன். சங்கக் கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் கசிமீரோ சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம். "அடுப்படிச் சூட்டுக்குப் பழகின கை. வண்டியையும் வாணலியா நெனச்சுக்கிச்சு. விட்டுருங்கப்பா."

உட்காராமல் சுவரோரம் நின்றிருந்த பொன்சியானோ அப்போதுதான் வாயைத் திறந்தார். "இன்னொரு தடவை குடுங்க. வண்டி என் பொறுப்பு. ஏறலேன்னா அவளும் வரமாட்டா, நானும் உங்க வண்டி எதையும் தொடமாட்டேன்."

சனிக்கிழமை, கடைசி வாய்ப்பு என்று முடிவானது.

புது பிஸ்டன் போட்டார். பெரிய துளை ஜெட் மாட்டினார். அவளை ஓட்டவிட்டு, பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். நல்ல கலவை என்றால் பிளக்கின் முனை செங்கல் நிறத்தில் இருக்கும். இது சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. எங்கேயோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது என்று நினைத்து, ரப்பர் இணைப்பு முழுக்கச் சோப்புத் தண்ணீர் அடித்தார். ஒரு குமிழியும் மாறவில்லை. வால்வைப் பார்த்தார், ஆயிலைப் பார்த்தார், பெட்ரோல் குழாயை ஊதிப் பார்த்தார். பட்டறையில் இருந்தால் வண்டி பூனைக்குட்டி. அவள் எடுத்துக்கொண்டு போய் ஒரு நாள் ஓட்டித் திரும்பினால் கொதிக்கும் கொப்பரை.

"என்னதான்மா பண்றே?"

"ஓட்றேன் மேஸ்திரி. வேறென்ன பண்ணுவாங்க வண்டிய வச்சு?"

வெள்ளிக்கிழமை மதியம் அவருக்குப் பொறுக்கவில்லை. "நவுரு, பின்னாடி நான் உக்காந்து வர்றேன்" என்று ஏறிக்கொண்டார். ஊருக்குள் இருக்கிறவரை அவருடைய காதுக்குக் குற்றமாக எதுவும் படவில்லை. பெட்ரோல் விற்கிற பெட்டிக்கடையில் வழக்கம்போல ஒரு குளிர்பானப் புட்டி நிறைய வாங்கி ஊற்றிக்கொண்டாள். கார்மென் அடிவாரத்தில் வண்டியை ஓரங்கட்டினாள். பாவாடையின் உள்பையிலிருந்து ஒரு தட்டைப் புட்டியை எடுத்தாள். சாராயம், தண்ணீர் கலக்காதது.

பொன்சியானோ தொப்பியைக் கழற்றினார். வெள்ளிக்கிழமை, பூமித்தாய்க்குத் தெளிக்கிற நாள். அவள் தரையில் மூன்று சொட்டு விட்டாள். முன்சக்கரத்தில் கொஞ்சம், பின்சக்கரத்தில் கொஞ்சம். யாரும் செய்வதுதான். பிறகு டேங்க் மூடியைத் திருகித் திறந்து, புட்டியைக் கவிழ்த்தாள். கிளுக், கிளுக், கிளுக்.

அவர் வண்டியிலிருந்து இறங்கவில்லை, விழுந்தார்.

"அடிப்பாவி! என்னடி பண்றே?"

"ஏன், குடுக்கிறேன்."

"சக்கரத்துக்குத்தானே குடுப்பாங்க!"

"தாகமா வர்றவன் காலை நனைச்சா தாகம் தீருமா மேஸ்திரி? வாய் இங்கதானே இருக்கு?"

அவர் நடக்கத் தொடங்கினார். வண்டியைச் சுற்றி, அவளைச் சுற்றி, மறுபடி வண்டியைச் சுற்றி. "சாராயத்துல பாதி பலம்தான்மா. பெட்ரோலுக்குன்னு அளந்த துளை வழியா இது வந்தா பத்தாது. கலவை வறண்டு போவும். நான் பெரிய ஜெட் போடப் போட நீ தண்ணி காட்டிட்டே இருந்திருக்கே! எவ்வளவு ஊத்துவே?"

நெமேசியா புட்டியைப் பார்த்தாள். "பயம் எவ்வளவோ அவ்வளவு."

"என்னது?"

"மொதல்ல கொஞ்சம்தான். வண்டி சூடாச்சு. ஆத்தாவுக்குப் பத்தலபோலன்னு கூட ஊத்தினேன். இன்னும் சூடாச்சு. இன்னும் ஊத்தினேன். வெள்ளிக்கிழமை மட்டும் ஊத்தினது, பெட்ரோல் போடுறப்பல்லாம்னு ஆச்சு. அன்னைக்குப் பரீட்சைக்குக் கிளம்பும்போது அரைப்புட்டி."

பொன்சியானோ நின்றார். ஒரு நொடிதான். பிறகு இன்னும் வேகமாக நடந்தார்.

"இனிமே சொட்டுக்கூடக் கூடாது."

"அது என்னால ஆகாது."

"ஏறமாட்டே!"

"குடுக்காம ஏறமாட்டேன் மேஸ்திரி. கை நடுங்கும். நடுங்குற கையோட அந்த மூணாவது வளைவுல திரும்பிப் பாருங்க."

பட்டறைக்குத் திரும்பியதும் பஞ்சாயத்து எலுத்தேரியாவிடம் போனது. நெமேசியாவுக்கு ஆதரவு கிடைக்குமென்று பொன்சியானோ நினைத்திருக்கவே மாட்டார்; தனக்குக் கிடைக்குமென்றுதான் நினைத்தார்.

"உன் வாய்க்கு எல குடுக்காம ஒரு நட்டாவது கழட்டியிருக்கியா நீ?" என்றாள் எலுத்தேரியா. "அவளுக்கும் ஒண்ணு வேணும்ல?"

கன்னத்திலிருந்த கொத்தை அவர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளினார். வாசலுக்குப் போனார், வந்தார். வீட்டுப் பீங்கான் பொருட்களுக்கிடையே தேடி, சாவுச் சடங்குக்கும் கல்யாணத்துக்கும் எடுக்கிற சின்னக் கோப்பை ஒன்றைக் கொண்டுவந்து நெமேசியாவின் முன்னால் வைத்தார்.

"இது ஒண்ணு. ஒரு புட்டி பெட்ரோலுக்கு இது ஒண்ணு. பயம் அதிகமானாலும் இதுதான், கம்மியானாலும் இதுதான். மீதி எல்லாம் தரைக்கு. சத்தியம் பண்ணு."

"ஆத்தா மேல சத்தியமா."

"அவ மேல வேண்டாம், அவ உன் கட்சி. என் தலைல அடி."

அவள் அடித்தாள், கொஞ்சம் பலமாகவே.

டேங்கில் இருந்ததை முழுக்க இறக்கினார். புதுப் பெட்ரோல் ஒரு புட்டி, சாராயம் ஒரு கோப்பை, கலக்கி ஊற்றினார். கார்புரேட்டரைத் திறந்து ஊசியை வெளியே எடுத்தார். பென்சில் முனை போன்ற அந்த ஊசியின் தலையில் வரிசையாகச் சில வெட்டுகள். ஒன்றில் ஒரு கிளிப். கிளிப்பை ஒரு வெட்டு கீழே தள்ளினால் ஊசி அந்த அளவு உயரும், பெட்ரோல் கூட வரும். தள்ளினார். "இது ஆத்தா குடிக்கிறதுக்கு ஈடு" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். பொழுது சாயும்வரை அவளை ஆற்றங்கரை ரோட்டில் மேலும் கீழும் ஓட்டவைத்து, ஒவ்வொரு முறையும் பிளக்கைக் கழற்றினார். வெள்ளை மங்கியது. பழுப்பானது. கடைசியில் சுட்ட செங்கல்.

சனிக்கிழமை காலை பின்சீட்டில் ஏறியவர் கசிமீரோவேதான். ஊரிலேயே கனத்த ஆள் அவர். மடியில் காபிக்கொட்டை மூட்டை வேறு. "பாரம் வேணுமில்ல" என்றார். நெமேசியா டேங்கில் ஒரு புட்டி பெட்ரோல் ஊற்றினாள், கோப்பையை நிரப்பி அதையும் விட்டாள். சாராயப் புட்டியில் பாதிக்கு மேல் மீதி இருந்தது. அதைப் பார்த்தாள். பொன்சியானோவைப் பார்த்தாள். எல்லாவற்றையும் தரையில் கொட்டிவிட்டு உதைத்துக் கிளப்பினாள்.

அடிவாரத்தில் நின்று காத்திருக்கிற ஆளா அவர்? குறுக்குப் பாதையில், வாழைத் தோப்புக்குள்ளே, ஓட்டமாக ஏறினார். வண்டி கண்ணுக்குத் தெரியவில்லை. சத்தம் மட்டும் வளைவுக்கு வளைவு சுற்றி வந்தது. இரண்டாவது வளைவில் கியர் குறைத்தாள். மூன்றாவதில் சத்தம் ஒரு கணம் கனத்துத் தாழ்ந்தது. பிறகு அதே சீரான உறுமல், தடுக்காமல், வெடிக்காமல், மேலே போய்க்கொண்டே இருந்தது.

அவர் மூச்சிரைக்க உச்சிக்கு வந்தபோது கசிமீரோ இறங்கி நின்று, விரலை எச்சிலில் நனைத்து இன்ஜினைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது முறையும் தொட்டார். தன் உடம்பிலிருந்த ஆரஞ்சு மேலங்கியைக் கழற்றி நெமேசியாவிடம் நீட்டினார். "உன்னை மாதிரி ரெண்டு பேர் இதுல நுழையலாம். தைச்சுக்கோ."

உச்சியில் காத்திருந்த ஓட்டுநர்கள் பீர் புட்டிகளோடு நெருங்கினார்கள். பாவாடை விசிறியைப் பற்றிச் சொன்னவனே முதலில் திறந்தான். சக்கரத்துக்கு, ஹாண்டில்பாருக்கு, தரைக்கு. யாரோ வண்ணக் காகிதத் துண்டுகளை வீசினார்கள். "டேங்குக்கும் குடுடா, அதுக்குத்தான் தாகமாம்!" என்று ஒருவன் கத்த, நாலைந்து புட்டிகள் ஒரே நேரத்தில் டேங்கை நோக்கி நீண்டன.

பொன்சியானோ கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே புகுந்தார். வண்டியின்மேல் கவிழ்ந்து, டேங்க் மூடியை இரண்டு உள்ளங்கையாலும் பொத்திக்கொண்டார். பீர் அவர் தொப்பியிலும் கழுத்திலும் முதுகிலும் ஓடியது. கையை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலையிலிருந்து நெமேசியா ஆரஞ்சு மேலங்கியோடு பேருந்து நிலைய டாக்சி வரிசையில், புதிதாகச் சேர்ந்தவளின் கடைசி இடத்தில் நிற்கிறாள்.