கோணலாக வந்த சிலுவை

என் அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அதன் உச்சியில் மூன்று கோணல் எழுத்துகள். எந்த மொழியையும் சேராதவை. கதவைத் திறக்கும்போதெல்லாம் மன்னார் உப்புக்குளத்தில் நான் வேலைபார்த்த கந்தோரும், கடற்காற்றில் மெல்ல ஆடும் திரைச்சீலையும், அதன் நிழலில் உட்கார்ந்திருக்கும் நானாவும் வந்துவிடுகிறார்கள்.

நானா பக்கத்துத் தாராபுரத்துக்காரர். கந்தோரின் கணினிகளையும் மின்னஞ்சல் சேர்வரையும் பார்த்துக்கொண்டவர். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல், வயது வித்தியாசமின்றி எல்லோருக்கும் அவர் நானாதான். நான் அங்கே கணக்குப் பார்த்தேன். என் கணவர் சரக்குக் கப்பலில். கப்பல்கள் பயந்து கடக்கும் ஒரு கடல்வழியில் அப்போது போய்க்கொண்டிருந்தார். அங்கிருந்து மின்னஞ்சல் மட்டுமே வரும், அதுவும் என் கந்தோர் முகவரிக்குத்தான். அது வராமல் போனது. பகலெல்லாம் தூக்கத்தில் நடப்பதுபோல் நடந்தேன். எண்கள் கண்முன் மிதந்தன. ஜன்னலுக்கு வெளியே கடல் வெயிலில் வெள்ளையாக, சத்தமில்லாமல் கிடந்தது.

பிறகுதான் தெரிந்தது, யாருக்குமே மின்னஞ்சல் வரவில்லை என்று. வடிவம் பிசகிய ஒரு மடல் முன்னால் வந்து நின்றிருக்கிறது. மடல்களைச் சோதிக்கும் மென்பொருள் அதைத் தொட்டதும் செயலிழந்து விழுந்துவிடும். எழும்பி மறுபடி அதையே தொடும், மறுபடி விழும். மற்ற மடல்களெல்லாம் பின்னால் காத்துக்கிடந்தன.

“அதை அழிச்சுவிடுங்கோ நானா. அனுப்பினவர் திருப்பி அனுப்புவார்தானே,” என்றார் பணிப்பாளர்.

நானா ஜன்னல் வழியே வீதியைக் காட்டினார். மன்னாரில் நடுவீதியில் கழுதை நிற்பது புதினமில்லை. “முன்னுக்கு நிக்கிற கழுதையை ஓரமாக்கினால் வாகனம் போகும் சேர். அதுக்காகக் கழுதையைக் கொல்லேலுமோ?”

அந்த மடலை அவர் ஒதுக்கிவைத்ததும் மற்றவை கொட்டின. என் பெட்டியும் நிறைந்தது. கணவருடையது மட்டும் இல்லை. பெட்டியை மேலும் கீழும் இன்னொருமுறை தேடினேன்.

“தங்கச்சி, இஞ்ச வாங்கோ.” ஒதுக்கிய மடலைத் திறந்து நானா ஆராய்ந்துகொண்டிருந்தார். அதன் தலைப்பு வரி மூன்று கோணல் எழுத்துகளுடன் தொடங்கியது. “நாங்கள் கடிதம் எழுதேக்க உச்சியில பிஸ்மில்லாவுக்காக 786 போடுறனாங்கள். நீங்கள் என்ன போடுவியள்?”

“சிலுவை,” என்றேன்.

“அதுதான் இது. கப்பல் கணினி அதை முறையா மாத்தி எழுதாமல் அனுப்பியிருக்கு. எங்கட 786 வெறும் இலக்கம், மெசினுக்கு விளங்கும். உங்கட ஆளின்ர சிலுவையைக் கண்டுதான் மயங்கி விழுந்திருக்கு.” சிரித்துக்கொண்டே கீழே நகர்த்தினார். ‘சுகமாயிருக்கிறன். ஆபத்தான இடம் தாண்டியாச்சு.’

அழுதேன்; வெட்கப்படவில்லை. நானா அதை அச்சடித்துக் கையில் தந்துவிட்டு, என்னைப் பார்க்காமல் திரும்பவும் சேர்வரோடு வேலையானார். அந்தப் பார்க்காமையை நான் இன்னும் நன்றியோடு நினைக்கிறேன்.

நானா இப்போது ஓய்வில் இருக்கிறார். என் கணவர் மறுபடி கடலில். மடல்கள் என் கைபேசிக்கே வருகின்றன. சிலுவையும் சிலுவையாகவே வருகிறது. ஆனாலும் மடல் பிந்தும் நாட்களில் அலுமாரியைத் திறந்து, அந்த மூன்று கோணல் எழுத்துகளுக்கு முன்னால் நின்றுதான் சிலுவை அடையாளம் வரைகிறேன்.