தரையில் தண்ணீர் ஊற்றாதீர்கள் என்றவர்

ரூத் அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் தொழிற்சாலையின் வாட்ஸாப் குழுவில் வந்தது. மாலையிட்ட படம், கீழே நிர்வாகத்தின் இரண்டு வரிகள். "எங்கள் குடும்பத்தின் மூத்த உறுப்பினர். பாதுகாப்புப் பணியில் நிர்வாகத்தோடு தோளோடு தோள் நின்றவர்."

படித்தபோது எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. பாதுகாப்பு என்ற பேச்சு வந்தபோதெல்லாம் அக்கா நிர்வாகத்துக்கு எதிரில்தான் நின்றார். அதைக் கண்ணால் பார்த்தவர்கள்கூட அந்த வரிகளின் கீழே கைகூப்பும் படங்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஆகவே நடந்ததை எழுதிவைக்கிறேன்.

ரூத் செல்வமணி சித்தூரின் பழைய மிஷன் சபைக் குடும்பமொன்றில் பிறந்தவர். வேதியியல் படித்தவர். கணவர் காலமான பிறகு, திருப்பதி சாலையிலுள்ள எங்கள் அழகுப்பொருள் தொழிற்சாலையில் கலவைக்கூடப் பொறுப்பாளராகச் சேர்ந்தார். நான் கார்வேட்டிநகரத்துக்காரி. அதே மாதம் பரிசோதனை அறையில் சேர்ந்தேன். அவர் கலக்குவார், நான் அதன் கெட்டித்தன்மையை அளப்பேன். பன்னிரண்டு ஆண்டுகள் இப்படியே போயின.

முகக் களிம்பு, தலைமுடி ஜெல், கற்றாழை ஜெல் எல்லாவற்றையும் கெட்டியாக்குவது கார்போமர் என்ற செயற்கைப் பொருள். பஞ்சு போன்ற வெள்ளைத் தூள். கூடத்தில் எல்லோரும் 'மாவு' என்போம். சுழலும் தண்ணீரில் சல்லடை வழியாக மெல்லத் தூவவேண்டும். மொத்தமாகக் கொட்டினால் வெளியே வழவழப்பும் உள்ளே உலர்ந்த தூளுமாகக் கட்டி தட்டிவிடும். நன்றாக ஊறிய பிறகு சிறிது காரக் கரைசல் சேர்த்தால் போதும், கலங்கிய நீர் கண்ணெதிரே தெளிந்து ஜெல்லாக இறுகும். அக்கா ஒருநாளும் அவசரப்பட்டதில்லை. என் பரிசோதனையில் அவருடைய கலவை தவறியதாக நினைவில்லை.

ஒருமுறை பெரிய கொள்முதல்காரர் ஒருவர் கூடத்தைச் சுற்றிப் பார்க்க வந்தார். ஜெல்லைத் தொட்டுப் பார்த்து, "கற்றாழை எவ்வளவு கெட்டி!" என்று வியந்தார். மேலாளர் தலையாட்டினார். அக்கா சும்மா இருக்கவில்லை.

"கத்தாழை டப்பா மேல படத்துல கீது சார். கெட்டி இந்த மாவுல கீது," என்று மூட்டையைக் காட்டினார்.

அன்றிலிருந்தே மேலாளருக்கு அவரைப் பிடிக்காமல் போனது. முகக்கவச விஷயம் அதை முற்றவைத்தது. அந்தத் தூள் காற்றில் எழும்பினால் கண் எரியும், தொண்டை கமறும். கவசம் கேட்டதற்கு, "மூஞ்சிக்குப் பூசற பொருளுக்கு எதுக்கும்மா மாஸ்க்?" என்று மேலாளர் சிரித்தார். அக்கா கலவை இயந்திரத்தை நிறுத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "மாஸ்க் வந்தப்புறம் மிஷின் ஓடும்," என்றார். மதியத்துக்குள் வந்தது. அந்த வாரம் மட்டும்.

இரண்டு கோடைகளுக்கு முன்பு அந்த விபத்து நடந்தது. கொள்முதல்காரர்கள் வந்து சேர அரைமணி நேரம்தான் இருந்தது. மேடையிலிருந்த மாவு மூட்டை சரிந்து கிழிந்தது. தரையெல்லாம் வெள்ளை. மேலாளர் ஓடிவந்து, "சோடா நீள்ளு போசி கடிகேயண்டி!" என்று தெலுங்கில் கத்தினார். சலவைச் சோடா கரைத்த தண்ணீரை ஊற்றிக் கழுவச் சொல்கிறார்.

"ஊத்தாதீங்க சார்! சோடா காரம், பட்டுதுன்னா தரையே ஜெல்லாயிடும். நான் சாக்கு போட்டு வாரிடறேன், பத்து நிமிஷம் குடுங்க."

"பத்து நிமிஷம் இல்ல. ஊத்துங்க."

அக்கா சாக்கு எடுக்க ஓடினார். அதற்குள் ஊற்றிவிட்டார்கள். குடுபல்லிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே குடியிருந்த கூடத் தொழிலாளி முனியம்மா, எவர்சில்வர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். இரண்டடிதான் வைத்தாள். அண்டா உருண்ட சத்தத்துக்குப் பிறகுதான் அவள் அலறல் கேட்டது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

மறுநாள் விபத்து அறிக்கையை மேலாளர் என் முன்னால் வைத்தார். 'பொருத்தமற்ற காலணி அணிந்ததால் தொழிலாளி தவறி விழுந்தார்' என்று அதில் இருந்தது. "விமலா காரு, இக்கட சந்தகம்," என்று சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தை விரலால் காட்டினார்.

நான் கையெழுத்துப் போட்டேன்.

இதை மறைத்து அக்காவைப் புகழ்ந்தால் நானும் அந்த இரண்டு வரிகளை எழுதியவர்களில் ஒருத்தி ஆகிவிடுவேன். போட்டேன். அக்கா போடவில்லை. அதே தாளின் பின்பக்கம், நடந்ததை நடந்தபடி தெலுங்கிலும் தமிழிலும் எழுதித் தந்தார். அன்று பேருந்து நிறுத்தத்தில் என்னிடம் கேட்டார்.

"அவ கால்ல இன்னா செருப்பு?"

"கம்பெனி குடுத்ததுதான் அக்கா."

"பயந்துதான் போட்டேன்னு தெரியும் விமலா. ஆனா நீ பயந்ததுக்கு அவ எதுக்குப் படுத்துக்கினு கெடக்கணும்?"

பேருந்து வந்தது. வழக்கம்போல எனக்கும் சேர்த்து அவர்தான் இடம் பிடித்தார்.

அடுத்த வாரமே அவரைக் கலவைக்கூடத்திலிருந்து எடுத்து, அட்டைப்பெட்டி மடிக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். வேதியியல் படித்தவர் காலையிலிருந்து மாலைவரை பெட்டி மடித்தார். விடுப்பு நாட்களில் திருப்பதியிலுள்ள தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய்வந்தார். இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது முறை நானும் போனேன். என் கையெழுத்து பொய் என்று எழுதித் தருவதற்காக.

அதிகாரி நம்பவில்லை. "மூஞ்சிக்குப் பூசற ஜெல்லுல எலும்பு ஒடையுமா?" என்று சிரித்தார். அக்கா பையிலிருந்து ஒரு தட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். அதில் கொஞ்சம் மாவைத் தூவி, புட்டியிலிருந்த சோடாத் தண்ணீரை ஊற்றினார். சிறிது நேரம் பொறுத்து, "விரலால அழுத்திப் பாருங்க சார்," என்றார். அதிகாரி அழுத்தினார். விரல் சறுக்கி மேசையில் இடித்தது. கையைத் துடைத்தார்; துடைக்கத் துடைக்க வழுக்கியது. அதன்பிறகு அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு, "முதல்லேருந்து சொல்லுங்கம்மா," என்றார்.

ஆய்வுக்கு வந்தார்கள். அறிக்கை திருத்தப்பட்டது. முனியம்மாவின் சிகிச்சையை நிர்வாகம் ஏற்றது. உட்கார்ந்து செய்யும் வேலையும் கொடுத்தது. கொட்டிய மாவை உலர்வாகவே அள்ளவேண்டும் என்ற பலகை இரண்டு மொழிகளில் ஏறியது. முகக்கவசம் தினசரி வழக்கமானது. எல்லாம் நடந்தது. அக்காவை மட்டும் கலவைக்கூடத்துக்குத் திரும்ப அழைக்கவில்லை. ஒன்றரை ஆண்டு பெட்டி மடித்தார். ஒருநாள்கூட என் எதிரில் புலம்பவில்லை. நான் புலம்பினால், "கம்முனு துன்னு, சோறு ஆறுது," என்பார். திங்கட்கிழமை வீட்டில் மாரடைப்பு வந்து போய்விட்டார்.

அடக்கம் சித்தூரில், சபையின் கல்லறைத் தோட்டத்தில் நடந்தது. மேலாளர் ஆளுயர மலர்வளையத்தோடு வந்தார். இரண்டு வார்த்தை பேச அனுமதி கேட்டார், போதகர் கொடுத்தார். "மாஸ்க், உலர் சுத்தம், இதெல்லாம் நம்ம மேனேஜ்மென்ட் கொண்டாந்த திட்டம். ரூத் மேடம் நல்லா ஒத்துழைச்சாங்க," என்று தொடங்கினார்.

நான் வாய் திறப்பதற்குள் பின்வரிசையில் ஊன்றுகோல் தரையில் தட்டும் சத்தம் கேட்டது. முனியம்மா எழுந்துவிட்டிருந்தாள்.

"நிறுத்து சார். விழுந்தவ நானு. ஊத்தாதீங்கன்னு அந்தம்மா கத்தினது என் காதுல வியுந்துச்சு. ஊத்துன்னு சொன்னது நீ. எனுக்காக அது ஆபீசு ஆபீசா அலைஞ்சிச்சு. பொட்டி மடிக்க வச்சதும் நீதான். இப்ப பூ எத்துக்கினு வந்து நிக்கிற!"

யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. போதகரும் சொல்லவில்லை. மேலாளர் கைபேசியைப் பார்த்தபடி வாசல் பக்கம் நடந்தார்.

மண் போடும் நேரம் வந்தது. முனியம்மாவால் குனிய முடியவில்லை. நானும் அக்காவின் மகளும் இருபுறமும் பிடித்துக்கொண்டோம். ஒரு பிடி மண்ணை உள்ளே விட்டு, "எக்கா, எல்லாத்தையும் சொல்லிட்டேன். நீ தூங்கு," என்றாள்.

அக்கா, எனக்குச் சொல்ல அவ்வளவுகூட இல்லை. பொய்யில் கையெழுத்திட்ட இந்தக் கையால்தான் உங்களுக்கு மண் போட்டேன். மன்னித்துப் போய்வாருங்கள்.