கோழிக்கூண்டின் கூரை

என் வீட்டுப் பின்புறத்தில் கோழிக்கூண்டுக்குக் கூரையாகக் கிடப்பது ஒரு தேர்தல் பலகை. அதில் எங்கள் வேட்பாளரின் சிரித்த முகம். அந்த முகத்தின் குறுக்கே கறுப்புச் சாயத்தில், 'உன் நாட்டுக்குப் போ' என்று ஆங்கிலத்தில் யாரோ எழுதியது, தேய்த்தும் முழுதாகப் போகவில்லை.

அவர் யாழ்ப்பாணத்துப் பெண். பல் மருத்துவரிடம் வரவேற்பாளர் வேலை, நாங்கள் குடியேறியிருக்கும் தகனினி புறநகரில் வாடகை வீடு. உள்ளூர் வாரியத் தேர்தலில் நின்றார். மதுரைக்காரியான நான் அவருக்காகக் கார் ஓட்டினேன். பலகை கறுப்பான காலையில் எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. இனவெறியைக் கண்டித்து அறிக்கை விட வேண்டும் என்றது ஒன்று. "அதப் பேசினா வெள்ளைக்காரங்க ஓட்டு போயிடும், வாடகை, பஸ்ஸோட நிறுத்திக்கலாம்" என்றது மற்றொன்று. எனக்கு இரண்டுமே சரியாகப் பட்டது. அது என் ராசி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் பலகையைப் பிடுங்கிக் காரில் போட்டார். "ரெண்டும் ஒரே கதைதானே அக்கா. வாங்கோ, பலகை நிண்ட அந்தத் தெருவிலயே கதைப்பம்."

முதலில் கதவைத் திறந்தவர் ஒரு வெள்ளைக்கார முதியவர். பலகையைப் பார்த்து முகம் சுளித்தார். அதை எழுதியது தானில்லை என்றவர், அதே மூச்சில், நீங்களெல்லாம் வந்த பிறகுதான் வாடகை ஏறியது என்றார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வேட்பாளரோ நிதானமாக ஆங்கிலத்தில் சொன்னார்: "போனில் என் பெயரைக் கேட்டதுமே வீடு போய்விட்டது என்பார்கள். வேறு வழியில்லாமல் ஒழுகுகிற வீட்டை அதிக வாடகைக்கு எடுத்தேன். அந்த வாடகையைக் காட்டித்தான் உங்களுக்கும் ஏற்றுகிறார்கள். நான் போய்விட்டால் உங்கள் வாடகை குறையுமா?"

முதியவர் எங்களை உள்ளே கூப்பிட்டார். பிறகு தன் வீட்டுச் சுவரில் பூத்திருந்த பூஞ்சணத்தைக் காட்டினார். இருவரும் வீட்டுச் சொந்தக்காரர்களைத் திட்டித் தீர்த்தார்கள். கிளம்பும்போது, பலகை தன் வேலியில் நிற்கட்டும், அந்த எழுத்தை இனித் தேய்க்க வேண்டாம், தெருவே பார்க்கட்டும் என்றார்.

தேர்தலில் தோற்றோம். நான் அழுதேன். அவர், பலகைகளை யார் யார் கழற்றுவது என்று வேலை பிரித்துக்கொண்டிருந்தார்; அந்தக் கறுப்புப் பலகை என் பங்குக்கு வந்தது. பட்ட அவமானத்தை அவர் விழுங்கவுமில்லை, அதையே பிடித்துக்கொண்டு நிற்கவுமில்லை. அந்த நெஞ்சுரம் எனக்கு இந்த ஜென்மத்தில் வராது.

நேற்று வந்தார். மறுபடி நிற்கிறாராம். புதுப் பலகை அடிக்கலாமே என்றேன். "ஓம், அடிப்பம். ஆனா அந்த ஐயா தன்ர வேலிக்குப் பழசுதான் வேணுமாம் அக்கா" என்றார்.

இன்று காலை கூரையைக் கழற்றிக் கோழி எச்சத்தை மட்டும் கழுவினேன். கறுப்பு எழுத்தில் கை வைக்கவில்லை. கோழிகள் வெயிலில் நின்று என்னை முறைக்கின்றன. அவற்றுக்கு வேறு வீடு பார்க்க வேண்டும்.