கத்தரிச்செடியும் நெட்டிலிங்க மரமும்

பாண்டிசெல்வி நல்ல உயரம். ராஜபாளையத்தில் அவள் வேலை பார்க்கும் பேண்டேஜ் துணி கம்பெனியில் மேல்தட்டுப் பெட்டியை இறக்க யாரும் ஸ்டூல் தேடுவதில்லை, செல்வியைத்தான் கூப்பிடுவார்கள். பெண் பார்க்க வந்த அன்று நவநீதகிருஷ்ணன் மயங்கியதும் அந்த உயரத்தில்தான். கல்யாணமான புதிதில் அதை அவளிடமே சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அந்த வாய்தான் பிற்பாடு அவளை நெட்டிலிங்க மரம் ஆக்கியது. வாய் என்றால் சாதாரண வாயா அது!

நவநீதகிருஷ்ணன் மில்லில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பட்டிமன்றப் பேச்சாளர். கோயில் பொங்கல், ஆண்டு விழா, சங்கத்துக் கூட்டம் என்று எங்கே மைக் கட்டினாலும் ஜிப்பாவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். 'குடும்பத்துக்குத் தேவை அழகா, பயனா?' என்ற தலைப்பில் அவன் எப்போதும் பயன் அணி. அந்த அணியில் அவன் ஒரு பேச்சு வைத்திருந்தான். அதைக் கேட்காமல் எந்த ஊர்க்காரனும் அவனை மேடையை விட்டு இறங்க விட்டதில்லை.

"ஐயா, என் தம்பி வீட்டுக் கொல்லையில ஒரு கத்தரிச்செடி. குட்டை. கோணல். தொட்டா முள்ளு, காயை அறுத்தா புழு. ஆனா நட்டு ரெண்டு மாசத்துல கொத்துக் கொத்தா காய்ச்சிருச்சு. என் வீட்டு வாசல்ல ஒரு நெட்டிலிங்க மரம். என்னா உசரம், என்னா பச்சை! சித்திரை வெயில்லயும் ஒரு இலை வாடாது. போறவன் வாறவன் எல்லாம் நின்னு பாக்கான். ஆனா ஒம்பது வருசமா தண்ணி ஊத்துறேன்யா, ஒரு பூவு, ஒரு பிஞ்சு? சரி, நிழலுக்காச்சும் ஆகுமான்னு போயி நின்னா, அது நிழல் அது காலுக்கே பத்தலை!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும்போது அவன் பயந்தவன் போலக் கையெடுத்துக் கும்பிடுவான். "மரத்தைத்தான்யா சொல்றேன். ராத்திரி வீட்டுல எனக்குச் சோறு விழணும்ல!"

அவ்வளவுதான், விசில் பறக்கும். அவன் வாசலில் மரமும் கிடையாது, மண்ணும் கிடையாது. வாடகை வீடு, வாசல் முழுக்கச் சிமெண்டுத் தரை. அது எல்லாருக்கும் தெரியும்.

இதில் கொடுமை என்னவென்றால், பிள்ளை இல்லாததற்குக் குறை செல்வியிடம் இல்லை. கல்யாணமாகி மூன்றாம் வருடம் மதுரையில் ஒரு டாக்டரம்மா இரண்டு பேரையும் உட்கார வைத்து, பொறுமையாக, தெளிவாகச் சொன்னாள். அன்றைக்கு மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "செல்வி, இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும். வெளிய தெரிஞ்சா நான் நாண்டுக்கிட்டுச் செத்துருவேன்." செல்விக்கு அவன் மேல் அப்படி ஒரு பாசம் பொங்கியது. தன் கண்ணீரைத் துடைக்காமல் அவன் கண்ணீரைத் துடைத்து, சத்தியம் பண்ணினாள். மாமியார் கோயில் கோயிலாக இழுத்துப் போனபோது மண்சோறு தின்றாள். வளைகாப்பு வீடுகளில் யாராவது வளையலைக் கையில் கொடுக்கத் தயங்கினால் தானே ஒதுங்கிப் பின்கட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவினாள். புருசனுக்காகத்தானே என்று நினைத்துக்கொண்டாள். பைத்தியக்காரி, வேறு எப்படிச் சொல்வது?

மரத்தை அவன் முதல் தடவை மேடையில் ஏற்றியது தப்பிக்கத்தான். எதிரணிக்காரன் ஒருத்தன், "பிள்ளைகுட்டி இல்லாதவர் குடும்பத்தைப் பற்றிப் பேச வந்துட்டார்" என்று இடித்துவிட்டான். இவனுக்கு முகம் வெளுத்துப்போயிற்று. வாய்க்கு வந்ததைச் சொன்னான். கூட்டம் சிரித்தது. சிரித்த கூட்டம் அவனைச் சந்தேகப்படவில்லை. அந்த ருசி பிடிபட்ட பிறகு அவன் விடவே இல்லை. யாரோ அதை வீடியோ எடுத்துப் போட, கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் அவள் எதிரிலேயே போனைக் கைமாற்றிப் பார்த்தார்கள்.

கத்தரிச்செடிக்கும் மனசு நிறையவில்லை. அது அவன் தம்பி பெண்டாட்டி மாரீஸ்வரி. "என்னைய மட்டும் புழுவு, முள்ளுன்னு சொல்லும்போது எனக்கு இனிக்குதாக்கா? மூணு பெத்ததுக்கு இந்தப் பேராக்கும்?" என்று ஒருநாள் அழுதாள். இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள். அழுது என்ன ஆகப்போகிறது, அடுத்த ஞாயிறும் அவன் ஜிப்பா மாட்டினான்.

ஒருதரம் செல்வி அவனிடம் சொல்லிப் பார்த்தாள். "எங்க கம்பெனி காம்பவுண்டுல வரிசையா நெட்டிலிங்கம் நிக்கி. அதுவும் காய்க்கும். கருநீலமாக் கொத்துக் கொத்தா உதிரும், வவ்வாலு திங்கும். தெரியாம ஏன் பேசுதிய?"

அவன் சிரித்தான். "வவ்வாலா வந்து தீர்ப்புச் சொல்லப்போவுது? கூட்டத்துக்குத் தெரியாதுல்ல, அது போதும்."

இந்தப் பங்குனியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தெருவில் அம்மன் கோயில் பொங்கலுக்கு அவனைக் கூப்பிட்டார்கள். அது செல்வி பிறந்த தெரு. அவள் தாய் பாலம்மாள் இன்னும் அங்கேதான் இட்லி அவித்து விற்றுக்கொண்டிருக்கிறாள். வீடியோ, போன் எதுவும் பாலம்மாளுக்குத் தெரியாது. மருமகன் மேடையில் பேசுகிறார் என்பது மட்டும் தெரியும், அதில் அவளுக்குத் தலைகொள்ளாத பெருமை. செல்வி முந்தின நாளே அவன் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டாள்.

"எங்கயும் சொல்லிக்கோங்க. எங்க அம்மா முன்னாடி மட்டும் வேண்டாம். எனக்குன்னு இருக்கது அவ ஒருத்திதான்."

"சீச்சீ, நான் என்ன மிருகமா?" என்றான். அவள் தலையில் கை வைத்துச் சத்தியமே பண்ணினான்.

ஞாயிறு சாயங்காலம் முன்வரிசையில் பாலம்மாளும் செல்வியும் உட்கார்ந்திருந்தார்கள். பாலம்மாள் புதுச்சேலை கட்டி, அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும், "எங்க மாப்ள, எங்க மாப்ள" என்று காட்டிக்கொண்டிருந்தாள். நவநீதகிருஷ்ணன் வேறு என்னென்னவோ பேசினான். மாமியார் கதை சொன்னான், செல்போன் கதை சொன்னான். கூட்டம் அசையவில்லை. பாதிப் பேர் பஞ்சுமிட்டாய்க்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிரணிப் பெண்ணுக்கு விழுந்த கைதட்டில் பாதிகூட அவனுக்கு விழவில்லை. அவன் துண்டால் கழுத்தைத் துடைத்தான். அப்போதுதான் நடுவர் மைக்கைப் பிடித்து, "என்ன நவநீதம், நெட்டிலிங்கத்தை இன்னும் இறக்கலையே?" என்றார். பின்னாலிருந்து நாலைந்து இளவட்டங்கள் கத்தின. "மரத்தைச் சொல்லுங்கண்ணே!"

அவன் செல்வியைப் பார்த்தான். அவள் யாருக்கும் தெரியாமல் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

"சொல்லக்கூடாதுன்னு வீட்டுல சத்தியம் வாங்கியிருக்காகய்யா!" என்றான் மைக்கில். "எம்புட்டு உசரமான சத்தியம்னு நீங்களே பாருங்க, முன்வரிசையிலதான் உக்காந்திருக்கு!"

தெருவே அதிர்ந்தது. கேமராக்காரன் திரும்பினான். மேடைப் பக்கத்துப் பெரிய திரையில் செல்வியின் முகம் வந்தது. அவள் சிரித்தாள். கேமரா வந்தால் சிரித்துவிட வேண்டும் என்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. அவன் கத்தரிச்செடியில் ஆரம்பித்து, ஒரு வரி விடாமல் முழுவதையும் சொன்னான். பாலம்மாள் முதலில் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தாள். பிறகு புரிந்துபோய், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

அம்மா வீட்டுக்கு வந்ததும் செல்வி கதவைச் சாத்தினாள். இனி யாருக்காகப் பொத்தி வைக்க? ஒன்பது வருடமும் ஒரேயடியாக வெளியே கொட்டியது. டாக்டரம்மா சொன்னது, பஸ் ஸ்டாண்டில் அவன் அழுதது, தான் கொடுத்த சத்தியம், எல்லாவற்றையும் சொன்னாள். "எங்கிட்ட ஒரு குறையும் இல்லம்மா. அவருக்குத்தான்."

பாலம்மாள் மகள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"ஏட்டி, அவிய நாலு பேரு முன்னாடி அப்படிச் சொன்னது தப்புதான். இல்லேங்கல. அதுக்காவ ஒரு ஆம்பளை மேல இப்படிப் பழியப் போடலாமா?"

"பழி இல்லம்மா. உன் மேல சத்தியமா நெசம்."

"நெசம்னா இம்புட்டு நாளும் ஏன் சொல்லல? மண்சோறு தின்னியே, அன்னைக்கு ஏன் சொல்லல? குறை இல்லாதவ எதுக்குட்டி மண்ணுல சோறு திம்பா?"

செல்வி அந்த ரகசியத்தை அப்படிக் காத்திருந்தாள். பெற்றவளே நம்பாத அளவுக்குக் காத்திருந்தாள்.

"எங்கிட்ட சொன்னதோட போகட்டும்," என்று பாலம்மாள் அவள் தலையைத் தடவினாள். "வெளிய சொல்லிராத. ஆத்தாமையில பேசுதான்னு ஊரே சிரிக்கும். கூமாப்பட்டிப் பக்கம் ஒரு வைத்தியர் இருக்காராம், அடுத்த வாரம் போவோம்."

கொஞ்ச நேரத்தில் நவநீதகிருஷ்ணன் மாலையும் சால்வையுமாக வந்தான். பாலம்மாள் தண்ணீர் கொடுத்துவிட்டு, குரலை இறக்கி, "மாப்ள, அவ ஆத்திரத்துல ஏதோ வாய்க்கு வந்ததப் பேசிட்டா. நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்கிடாதிய" என்றாள். அவன் செல்வியைத் திரும்பிப் பார்த்தான். முகத்தில் ரத்தம் இல்லை.

ராஜபாளையம் ரோட்டில் பைக் வெகுதூரம் போனது. அவள் அவன் தோளில் கை வைத்திருந்தாள், பிடிக்க வேறு இடம் இல்லை.

"சொல்லிட்டியா?" என்றான்.

"ம்."

"அத்தை என்ன சொன்னாக?"

"நம்பல."

இறுகிக் கிடந்த அவன் தோள் அவள் உள்ளங்கைக்கு அடியில் மெல்லத் தளர்ந்து இறங்கியது. பெரிதாக மூச்சு விட்டான். வண்டியின் வேகத்தைக் குறைத்து, எத்தனையோ நாளைக்கு அப்புறம் அன்பாகக் கேட்டான்.

"பசிக்குதா செல்வி? வழியில புரோட்டா சாப்பிட்டுப் போவமா?"

"சரி" என்றாள்.